விமானிகளின் தராசு

விமானம் ஒன்று தரை இறங்கும்போது சற்றே பலமாக அதிர்ந்துவிட்டால், அதில் அமர்ந்துள்ள பிரயாணிகள் அனைவரும் அக்கணமே நீதிபதிகள் ஆகிவிடுகின்றனர். "விமானி புதியவர் போலும்!" என்பார் ஒருவர். "கண்ணயர்ந்துவிட்டாரோ?" என்பார் மற்றொருவர். எங்கள் தொழிலில் வழங்கும் பழைய வேடிக்கைக் கதை ஒன்று உண்டு. வாயிலருகே நின்று விடைகொடுத்துக்கொண்டிருந்த விமானியை மூதாட்டி ஒருவர் நெருங்கி, "தம்பி, நாம் இறங்கினோமா, அல்லது யாரேனும் நம்மைச் சுட்டு வீழ்த்திவிட்டார்களா?" என்று கேட்டாராம். இதற்கு மாறாக, தரை தொட்டதே தெரியாமல் விமானம் இறங்கிவிட்டால் கைதட்டி மகிழ்வோரும் உளர். மென்மையாக இறக்கினால் வல்லவர், அதிர இறக்கினால் அல்லாதவர். பிரயாணிகளின் தராசு இவ்வளவு எளிமையானது.

பல ஆண்டுகள் விமானம் ஓட்டியும், பின்னர்ப் பிறருக்கு ஓட்டக் கற்பித்தும் வந்தவன் நான். விமானிகள் தம் தோழர்களை எடைபோடும் தராசு வேறு என்பதை அந்தப் பழக்கத்தில் அறிந்தேன். கூர்ந்து நோக்கினால், அது பிற தொழில்களுக்கும், ஏன், நம் அன்றாட வாழ்வுக்குங்கூடப் பயன்படக் கூடியது என்றே தோன்றுகிறது. அந்தத் தராசினைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில், தரை இறங்குதல் என்பது என்ன என்று பார்ப்போம். பெரிய ஜெட் விமானம் ஓடுபாதையை நோக்கி 3 பாகைச் சரிவில் வருகிறது. அப்போது அதன் வேகம் ஏறத்தாழ 140 நாட். அதாவது மணிக்கு 260 கிலோமீட்டர் அளவு. அந்தச் சரிவில் அந்த வேகத்தோடு வருகையில் அது நிமிடத்துக்குச் சுமார் 700 அடி வீதம் உயரத்தை இழந்துகொண்டே வரும். விநாடிக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 12 அடி. பிரயாணி விமானங்களின் சக்கரக் கால்களோ விநாடிக்கு 10 அடி என்ற இறங்கு வேகத்தைத் தாங்குமாறு வகுக்கப்பட்டவை. எனவே, ஓடுபாதைக்கு மேல் 30 அடியோ 20 அடியோ உயரம் இருக்கையில் விமானி மூக்கை மெல்ல உயர்த்துகிறார். எந்திரத்தின் விசையைக் குறைக்கிறார். இறங்கு வேகம் விநாடிக்கு 2 அல்லது 3 அடியாகத் தணிகிறது. சக்கரங்கள் தரையைத் தொடுகின்றன.

இவ்வளவும் நான்கைந்து விநாடிகளுக்குள் நடந்து முடிகின்றன. ஓடுபாதையின் வெப்பத்தால் எழும் காற்று, பக்கவாட்டில் வீசும் காற்று, விமானத்தின் எடை, இரவின் இருள், மழையின் மங்கல் ஆகிய யாவும் அந்த விநாடிகளில் தம் பங்கைச் செலுத்துகின்றன. மென்மையாக இறங்குவதற்கு மூன்று விதிகள் உண்டு என்றும், அவை யாவை என்பதுதான் எவருக்கும் தெரியாது என்றும் விமானிகள் நகைப்பதுண்டு. ஆகவே, தோழர் ஒருவர் சற்று அதிர இறக்கினார் என்பதை மட்டும் கொண்டு எந்த விமானியும் அவரைக் குறைவாக எண்ணுவதில்லை. இன்று அவருக்கு நேர்ந்தது நாளை தமக்கும் நேரும் என்பதை ஒவ்வொருவரும் அறிவர்.

அப்படியானால் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? "எப்படித் தொட்டார்?" என்பதற்கு முன்னர், "எங்கே தொட்டார்?" என்று கேட்கிறார்கள். ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து முதல் 3000 அடிக்குள், அல்லது பாதையின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள், இவற்றுள் எது குறைவோ அதற்குள், சக்கரங்கள் பதிந்துவிட வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் நெறி. 140 நாட் வேகத்தில் செல்லும் விமானம் ஒரு விநாடியில் 236 அடி கடந்துவிடும். மென்மையாக இறக்க வேண்டும் என்ற ஆசையால் விமானி நான்கு விநாடிகள் கூடுதலாகக் காற்றில் மிதக்கவிட்டால், 900 அடிக்கு மேற்பட்ட பாதை பயனின்றிப் பின்னே போய்விடும். பிரயாணிகள் அந்த மென்மையைப் புகழ்வர். பக்கத்தில் அமர்ந்திருக்கும் துணை விமானியின் கண்களோ முன்னே எஞ்சியுள்ள பாதையின் மேல் இருக்கும்.

மழைக்காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மை பெறுகிறது. நீர் தேங்கிய பாதையில் விரைந்து ஓடும் சக்கரம், தரையைத் தொடாமல் நீரின் மேலேயே வழுக்கிச் செல்லக்கூடும். இது எந்த வேகத்தில் நிகழும் என்பதை 1960களில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் கூறினர். சக்கரத்தில் உள்ள காற்றின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால், அந்த வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். அழுத்தம் 196 பவுண்டு என்று கொள்வோம். வர்க்கமூலம் 14, அதனை 9 ஆல் பெருக்க 126 வரும். இறங்கும் வேகமோ அதனினும் மிகுதி. ஆகவே நீர்ப்படலத்தைக் கிழித்துக்கொண்டு சக்கரங்கள் உறுதியாகப் பதிய வேண்டும். விமானத்தின் எடை சக்கரங்களின் மேல் விழ வேண்டும். இறக்கைகளின் மேலுள்ள தடுப்புத் தகடுகள் உடனே எழ வேண்டும். பிரேக்குகள் பற்ற வேண்டும். அத்தகைய வேளையில் உறுதியாகத் தரை தொடுவதே முறை. பிரயாணி 'மோசமான இறக்கம்' என்று முகம் சுளிக்கும் அதே இறக்கத்தை, விமானி 'செம்மையான இறக்கம்' என்று மெச்சுவதற்குக் காரணம் இதுவே.

நம் நாட்டிலேயே இதற்குத் துயரமான சான்றுகள் உள்ளன. 2010ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த விமானம், குன்றின் மேல் அமைந்த ஓடுபாதையை நோக்கி மிகுந்த உயரத்தில் வந்தது. துணை விமானி, இறங்காமல் மேலெழுந்து மீண்டும் சுற்றி வருமாறு ஒருமுறைக்கு மேல் கூறினார். தலைமை விமானி இறங்குவதிலேயே முனைந்தார். ஏறத்தாழ 8000 அடி நீளமுள்ள பாதையில் 5200 அடி கடந்த பின்னரே சக்கரங்கள் பதிந்தன. விமானம் பாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் மாண்டனர். 8 பேரே பிழைத்தனர். பத்து ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், கோழிக்கோட்டில் மழை பெய்துகொண்டிருந்தபோது, பின்புறமிருந்து வீசிய காற்றோடு இறங்கிய மற்றொரு விமானம் பாதையின் ஏறத்தாழ நடுவிலே தரை தொட்டது. அதுவும் பாதையைக் கடந்து சரிவில் விழுந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். சக்கரங்கள் பதிந்த இடந்தான் இவ்விரு விபத்துகளிலும் முதன்மையாக நோக்கத் தக்கது.

விமானிகள் அடுத்துக் கேட்கும் கேள்வி, "எப்படி வந்தார்?" என்பது. தரை தொடும் கணத்தின் விதி பெரும்பாலும் அதற்கு இரண்டு நிமிடங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. தரைக்கு மேல் 1000 அடி உயரத்தில், வானம் தெளிவாக இருப்பின் 500 அடி உயரத்தில், விமானம் எல்லா வகையிலும் நிலைபெற்றிருக்க வேண்டும். வேகம் குறித்த அளவில் இருக்க வேண்டும். சக்கரங்கள் இறக்கப்பட்டிருக்க வேண்டும். இறங்கு வேகம் நிமிடத்துக்கு 1000 அடியைத் தாண்டாதிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், விசையைக் கூட்டி மேலெழுந்து, சுற்றி வந்து மீண்டும் முயல்வதே அறிவுடைமை. அவ்வாறு மேலெழுவதைப் பிரயாணிகள் தோல்வி என்று எண்ணக்கூடும். விமானிகள் அதனைத் தோழரின் நிதானத்துக்கு அடையாளமாகக் கொள்கின்றனர். நெறி தவறி விரைந்து வந்து, தற்செயலாக மென்மையாக இறங்கியவரைக் காட்டிலும், நெறியோடு வந்து, கடைசிக் கணத்தில் வீசிய காற்றால் அதிர இறங்கியவரையே தம் குடும்பத்தை ஏற்றி அனுப்பத் தக்கவர் என அவர்கள் கருதுவர்.

இனி, அதிர்ச்சிக்குப் பின்னர் அவர் என்ன செய்தார் என்பதும் பெரிய கேள்வி. பலமாகத் தரை தொட்ட விமானம் பந்து போல் மீண்டும் எழும்புவதுண்டு. அப்போது மூக்கை வலிந்து கீழே அழுத்தத் தோன்றுவது மனித இயல்பு. அந்த இயல்புக்கு இடங்கொடுத்தால், முன் சக்கரம் முதலில் மோதி, விமானம் இன்னும் கடுமையாக எழும்பும்; மூன்றாவது மோதலில் இறக்கையே முறியவுங்கூடும். 2009ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் எம்.டி.11 என்னும் வகைச் சரக்கு விமானம் இவ்வாறே எழும்பி மோதிக் கவிழ்ந்து எரிந்தது. அதில் இருந்த விமானிகள் இருவரும் மாண்டனர். 1997ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அமெரிக்காவின் நியூவர்க் நகரில் அதே வகை விமானம் ஒன்று தரை தொட்டு எழும்பி, மீண்டும் மோதிக் கவிழ்ந்தது. அதில் இருந்த ஐவரும் நல்வினையால் தப்பினர். முதல் மோதலைவிட, அதனை அவசரமாகத் திருத்த முற்பட்டதே பெருங்கேட்டினை விளைத்தது. நிலை குலையாமல் மூக்கை அசையாது பிடித்து, தேவையானால் சிறிது விசை கொடுத்து இறங்குபவர், அல்லது மேலெழுந்து சென்றுவிடுபவர், தோழர்களின் மதிப்பைப் பெறுகிறார்.

இந்த மதிப்பீட்டை வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல் ஒரு முறையாகவே ஆக்கியவர்கள் கடற்படை விமானிகள். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம் அலைகளோடு அசைந்துகொண்டே முன்னேறும். குறுக்கே கட்டப்பட்ட எஃகுக் கம்பிகளுள் ஒன்றை விமானத்தின் வால் கொக்கி பற்றிக்கொள்ள வேண்டும். அங்கே மூக்கை உயர்த்தி மென்மையாக இறங்க இடமில்லை. வந்த சரிவிலேயே வந்து மோதுவதுதான் அங்கே முறை. அதற்கேற்பவே அவ்விமானங்களின் கால்கள் மிகுந்த வலிமையோடு செய்யப்படுகின்றன. நம் நாட்டின் முதல் 'விக்ராந்த்' கப்பலில் 1961ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் முதன்முதலாக ஜெட் விமானத்தை இறக்கியவர் ஆர்.எச். தஹிலியானி, பின்னாளில் அவர் கடற்படைத் தலைமைத் தளபதியாகவும் விளங்கினார்.

அமெரிக்கக் கடற்படையில், கப்பலின் பின்புறத்து இடப்பக்க மேடையில் ஓர் அதிகாரி நின்று, ஒவ்வொரு விமானமும் வருவதைக் கண்காணிப்பார். அவரும் ஒரு விமானியே. 'உயரம் கூடியது, பிறகு தாழ்ந்தது, வேகம் குறைந்தது' என்றெல்லாம் சுருக்கெழுத்தில் குறித்து, ஒவ்வோர் இறக்கத்துக்கும் மதிப்பெண் அளிப்பார். பின்னர் விமானிகள் கூடும் அறைக்கு நேரே வந்து, அந்தக் குறிப்பை உரியவரிடம் எல்லோரும் கேட்கப் படிப்பார். நன்றாக இறங்கியோருக்குப் பச்சை, நடுத்தரமாக இறங்கியோருக்கு மஞ்சள், ஏனையோருக்கு வேறு வண்ணங்கள் என்று சுவரில் ஒரு பலகையிலும் பதிவு செய்வார்கள். புதிதாக வந்த இளைஞரின் பெயரும் படைப்பிரிவின் தலைவரது பெயரும் அந்தப் பலகையில் அடுத்தடுத்து நிற்கும்.

இந்த வழக்கத்தில் மூன்று நன்மைகளைக் காண்கிறேன். நல்ல இறக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு ஆதலால், தவறியவரை மட்டும் தேடிப் பிடிக்கும் குற்றவேட்டையாக அது மாறுவதில்லை. பதவியில் உயர்ந்தவருக்கும் விலக்கு இல்லை ஆதலால், எவர் மனத்திலும் கசப்பு தங்குவதில்லை. மதிப்பிடுபவர் நாளை தாமும் அதே தளத்தில் இறங்க வேண்டியவர் ஆதலால், அவர் சொல்லில் இறுமாப்பு கலப்பதில்லை. பிறரை எடைபோட விரும்புவோர் யாவரும் இம்மூன்றையும் மனத்தில் இருத்துதல் நலம்.

தோழரை மதிப்பிடுவதில் மிகக் கடினமான பகுதி ஒன்று உண்டு. நடந்து முடிந்த பின்பு நமக்குத் தெரிந்தவற்றை வைத்துக்கொண்டு, நடந்தபோது அவருக்குத் தெரியாதவற்றுக்காக அவரைக் குறை கூறாதிருத்தலே அது. 2009ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி இரண்டு எந்திரங்களும் விசை இழந்த விமானத்தை, சல்லென்பர்கர் என்ற விமானி ஹட்சன் ஆற்றில் இறக்கினார். அந்த இறக்கம் மென்மையானதன்று. விநாடிக்கு 12 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் நீரைத் தொட்டு, பின்னுடல் கிழிந்தது. ஆயினும் அதிலிருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர். பிறகு நடந்த விசாரணையில், "புறப்பட்ட விமான நிலையத்துக்கே திரும்பியிருக்கலாகாதா?" என்ற வினா எழுந்தது. பாவனைக் கருவியில் அமர்ந்த விமானிகள், பறவைகள் மோதிய அதே விநாடியில் திரும்பியபோது சில முயற்சிகளில் வெற்றி கண்டனர். ஆனால் என்ன நேர்ந்தது என்று உணர்ந்து முடிவு செய்ய 35 விநாடி அவகாசம் தந்து பார்த்தபோது, திரும்பும் முயற்சி தோற்றது. வரப்போவதை முன்பே அறிந்தவர்களின் வெற்றியைக் காட்டி, அறியாதவர் ஒருவரை எடைபோடுதல் நீதியாகாது. அந்த 35 விநாடிகளே நீதிக்கும் அநீதிக்கும் இடையே நின்ற வேறுபாடு.

மற்றொரு நிகழ்ச்சியும் கருதத் தக்கது. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கனடா நாட்டில், 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த போயிங் 767 விமானத்தில் எரிபொருள் தீர்ந்துபோயிற்று. கிலோகிராம் கணக்கில் அளக்க வேண்டியதைப் பவுண்டுக் கணக்கில் அளந்ததால் நேர்ந்த பிழை அது. எந்திரங்கள் நின்றுபோன அந்தப் பெரிய விமானத்தை, சறுக்கு விமானம் ஓட்டிப் பழகிய பாப் பியர்சன், கிம்லி என்னும் இடத்தில் கைவிடப்பட்டிருந்த விமானத் தளத்தில் இறக்கினார். முன் சக்கரக் கால் மடங்கியது. மூக்கு தரையில் உராய்ந்தது. 69 பேரும் பிழைத்தனர். பின்னர், எரிபொருட் பிழையில் பங்கு உண்டு என்று கருதிய நிறுவனம் அவரை ஆறு மாதம் பதவி இறக்கியது. விசாரணைக் குழுவோ நிறுவனத்தின் நடைமுறைகளிலும் பயிற்சியிலும் இருந்த குறைகளைச் சுட்டிக் காட்டியது. 1985ஆம் ஆண்டு உலக வானூர்திச் சங்கக் கூட்டமைப்பு அவ்விமானிகளின் திறமைக்கு விருது அளித்துச் சிறப்பித்தது. ஒரே மனிதருக்குத் தண்டனையும் விருதும்! இவை முரண் அல்ல. எரிபொருளைக் கணக்கிட்டது ஒரு செயல். எந்திரமின்றி இறக்கியது மற்றொரு செயல். ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழாதபடி தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதுதான் நல்ல தராசின் இலக்கணம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விமானிகள் தம் தோழரிடம் எதிர்பார்ப்பது ஒன்று உண்டு. பலமாக இறங்கிய விமானத்தைப் பொறியாளர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். சக்கரக் கால்களிலும், அவை இணையும் இடங்களிலும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத வெடிப்புகள் தோன்றியிருக்கலாம். அதற்குத் தலைமை விமானி, பராமரிப்புப் புத்தகத்தில் 'பலமாகத் தரை தொட்டது' என்று தம் கையால் எழுத வேண்டும். எழுதினால் விமானம் சில மணி நேரம் நின்றுபோகும். பிரயாணிகள் காத்திருப்பர், மேலதிகாரிகள் காரணம் கேட்பர். எழுதாமல் விட்டால்? அடுத்த விமானிகள் ஒன்றும் அறியாமல் அதே விமானத்தில் ஏறிப் புறப்படுவர். இக்காலத்து விமானங்களில் அதிர்ச்சியின் அளவைப் பதிவு செய்யும் கருவிகள் உள்ளன என்பது உண்மை. ஆயினும், கருவி சொல்வதற்கு முன்னரே தாமாகச் சொல்பவரிடந்தான் எங்கள் உள்ளம் நம்பிக்கை கொள்கிறது. அந்த ஒரு வரியை எழுதுபவரை, எத்தனை முறை அதிர இறக்கினாலும், நல்ல விமானி என்போம். எழுதாது மறைப்பவரை, மலர் மேல் வண்டு போல் இறங்கினாலும், அவ்வாறு சொல்ல மாட்டோம்.

ஆனால், உண்மை சொல்பவரைக் கடிந்து நகைக்கும் இடத்தில் எவரும் உண்மை சொல்ல முன்வரார். ஆகவே கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. 1974ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், வாஷிங்டன் அருகே இறங்க வந்த விமானம் ஒன்று மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அதற்குச் சுமார் ஆறு வாரங்களுக்கு முன்னர், வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அச்செய்தி அந்த நிறுவனத்தின் எல்லையைத் தாண்டி வெளியே செல்லவில்லை. இதன் பிறகு, 1976ஆம் ஆண்டில், விமானிகள் தம் தவறுகளையும் தாம் தப்பிய அபாயங்களையும் எழுதி அனுப்ப, நாசா நிறுவனம் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. எழுதியவரின் பெயர் நீக்கப்பட்டு, செய்தி மட்டும் எல்லோருக்கும் பயன்படும். இது தண்டனையை அடியோடு ஒழிப்பது அன்று. வேண்டுமென்றே செய்யும் குற்றத்துக்கு அங்கே அடைக்கலம் இல்லை. தவறியதைச் சொல்ல வந்தவருக்குக் கதவைத் திறந்து வைப்பதே அதன் நோக்கம்.

நல்ல விமானிகளிடையே எழுதப்படாத மரபு ஒன்று இருக்கிறது. துணை விமானி அதிர இறக்கிவிட்டால், விமானம் வேகம் தணிந்து, ஓடுபாதையை விட்டு விலகி, தன் இடத்தில் வந்து நிற்கும் வரை தலைமை விமானி அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார். அதுவரை இருவர் கவனமும் வேலையில் இருக்க வேண்டும். எந்திரங்கள் ஓய்ந்த பின்னர், "நீங்கள் என்ன கண்டீர்கள்?" என்று மட்டும் கேட்பார். இளையவர் தாமே எண்ணிப் பார்த்துச் சொல்வார்: காற்று திடீரென்று தணிந்தது, மூக்கை உயர்த்தத் தாமதமாயிற்று என்று. பெரியவர் அதனோடு தாம் கண்டதைச் சேர்ப்பார். தவறு எங்கே என்பதில் மழுப்பல் இராது. ஆளைச் சிறுமைப்படுத்தும் சொல்லும் இராது. நான் கண்டவரையில், இளைஞர்கள் மிகுதியாகக் கற்றது அந்த ஐந்து நிமிடங்களில்தான்.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர் நான்கு முறை பறந்தனர். நான்காவது முறை வில்பர் ரைட் 59 விநாடிகளில் 852 அடி பறந்தார். அந்த இறக்கத்தில் விமானத்தின் முன்பகுதிச் சட்டம் உடைந்தது. வானில் பறந்த வரலாற்றின் முதல் நாளே கரடுமுரடான இறக்கத்தோடுதான் முடிந்தது! உலகம் அந்த உடைந்த சட்டத்தை எண்ணி நகைக்கவில்லை. 59 விநாடிகளை எண்ணி வியக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்கள் தோழர் தேர்விலோ விளையாட்டிலோ மேடையிலோ தடுமாறும் நாள் ஒன்று வரும். அன்று நீங்கள் நீதிபதியாக நிற்பீர்கள். ஓசையை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறாதீர்கள். அவர் எந்த நெறியில் வந்தார், தடுமாறிய பின் என்ன செய்தார், நடந்ததை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாரா என்று பாருங்கள். இம்மூன்றும் செவ்வையாக இருப்பின், தயங்காமல் அவரோடு அடுத்த பயணத்துக்குப் புறப்படலாம்.